‘அதுதான் இருக்கிறதே, பிறகு ஏன் இல்லை என்கிறது?’ – மூல நிரலிலிருந்து மென்பொருள் நிறுவுவது பற்றி ஓர் எளிய விளக்கம்

லினக்ஸ் பழகும் எல்லாருக்கும் ஒரு நாள் இது நடக்கும். ஏதோ ஒரு மென்பொருளை மூல நிரலாக இறக்கி, சொன்னபடி கட்டளைகளைத் தட்டிக்கொண்டே வருவோம். பாதியில், நிரலை ஓடும் வடிவத்துக்கு மாற்றும் கம்பைலர் நின்றுவிடும். ‘இசட்லிப் டாட் எச்’ என்ற கோப்பு இல்லை என்று குறை சொல்லும். மென்பொருள்களை நிறுவித் தரும் பேக்கேஜ் மேனேஜரிடம் கேட்டால், அந்தக் கோப்புக்குரிய இசட்லிப் எப்போதோ நிறுவியாயிற்று என்று பதில் வரும். இரண்டில் ஒன்று பொய் சொல்கிறது என்று தோன்றும். உண்மையில் இரண்டுமே சரியாகத்தான் சொல்கின்றன.

எனக்கு இது நடந்தபோது ஒரு மாலைப்பொழுது முழுக்கப் போனது. இசட்லிப்பை நீக்கிவிட்டு மறுபடி நிறுவலாம் என்று பார்த்தேன். அதை நீக்கினால் இன்னின்னவையும் கூடவே போகும் என்று திரை முழுக்க ஒரு பட்டியல் வந்தது. நல்ல வேளை, அங்கேயே கையை எடுத்துவிட்டேன். கடைசியில் யாரோ எழுதிவைத்திருந்த ஒற்றை வரியை அப்படியே ஒட்டினேன். வேலை முடிந்தது. ஏன் முடிந்தது என்று புரிய இன்னும் சில மாதங்கள் ஆயின.

இந்தக் குழப்பத்துக்குக் காரணம், ‘டிபென்டென்சி’ என்ற ஒரே சொல்லை வெவ்வேறு சங்கதிகளுக்குப் பயன்படுத்துவதுதான். ஒரு மென்பொருள் தன் வேலைக்கு இன்னொன்றை நம்பியிருந்தால், அந்த இன்னொன்றை அதன் சார்பு என்கிறோம். சரி, எப்போது நம்பியிருக்கிறது? உருவாகும்போதா, ஓடும்போதா, ஏதோ ஒரு வசதிக்கு மட்டுமா? இந்த ஒரு கேள்வியைக் கேட்டுப் பழகிவிட்டால், பிழைச் செய்திகளில் பெரும்பாலானவை தானாகவே பிரிந்துவிடும். மேன்டாக் என்ற சிறிய ஆவண மென்பொருளை உதாரணமாக வைத்துக்கொண்டு பார்ப்போம்.

## மேன்டாக் என்ன செய்கிறது, ‘போர்ட்டபிள்’ என்றால் என்ன

கட்டளைகளைத் தட்டும் டெர்மினல் சாளரத்தில் ‘மேன்’ என்று தட்டி, ஒரு கட்டளையின் பெயரைக் கொடுத்தால் அதன் கையேடு திறக்கும். யூனிக்ஸின் முதல் கையேடு 1971 நவம்பரில் வந்தது. இந்தப் பழக்கம் அங்கிருந்தே வருகிறது. இந்தக் கையேட்டுப் பக்கங்கள் ‘இது தலைப்பு, இது எடுத்துக்காட்டு’ என்று குறிகள் போட்ட வெற்று உரையாகவே வட்டில் கிடக்கின்றன. அந்தக் குறிகளைப் படித்து, நம் கண்ணுக்குப் பக்கமாக அடுக்கிக் காட்ட ஒரு நிரல் வேண்டும். பல லினக்ஸ் கணினிகளில் அந்த வேலையைக் குரோஃப் செய்கிறது. ஓப்பன்பிஎஸ்டி, ஆல்பைன் லினக்ஸ், வாய்டு லினக்ஸ் போன்ற இயங்குதளங்களில் மேன்டாக் செய்கிறது. கிறிஸ்டாப்ஸ் ட்ஸோன்ஸன்ஸ் தொடங்கிவைத்த மென்பொருள் இது. இங்கோ ஷ்வார்ட்ஸே பராமரித்து வருகிறார்.

‘போர்ட்டபிள்’ என்றதும் பென் டிரைவில் போட்டு எங்கும் எடுத்துப்போகிற, நிறுவாமலே ஓடுகிற நிரல் என்றுதான் பலர் நினைக்கிறார்கள். விண்டோஸ் பக்கம் அந்தப் பொருள் உண்டு, தவறில்லை. இங்கே பொருள் வேறு. ஓர் இயங்குதளத்துக்காக எழுதிய மூல நிரலை, வேறு இயங்குதளங்களிலும் உருவாக்கிக்கொள்ளும்படி ஆக்கியிருந்தால் அது போர்ட்டபிள். ஓப்பன்பிஎஸ்டி குழுவினருக்கு இது நெடுநாள் வழக்கம். தங்கள் தளத்துக்கு ஒன்று, வெளியுலகத்துக்கு ஒன்று என்று இரண்டு பதிப்புகள் வெளியிடுவார்கள். வேறொரு கணினிக்குள் பாதுகாப்பாக நுழைய உதவும் ஓப்பன்எஸ்எஸ்எச் மென்பொருளின் பதிப்பு எண்ணில் 9.8பி1 என்று ஒரு ‘பி’ ஒட்டிக்கொண்டிருப்பதைப் பார்த்திருப்பீர்கள். அந்த ‘பி’ போர்ட்டபிளைத்தான் குறிக்கிறது.

ஆக, போர்ட்டபிள் மென்பொருளின் உருவாக்கப்பட்ட கோப்பு எல்லா இடத்திலும் அப்படியே ஓடிவிடாது. மூலம்தான் ஊர் ஊராகப் போகும். போகிற இடத்தில் எல்லாம் புதிதாகத் தைத்துக்கொள்ள வேண்டும்.

## ரெடிமேடும் தைத்துப் போடுவதும்

தைத்துக்கொள்வது என்று சொன்னேன் இல்லையா, அந்த ஒப்புமை இந்த விஷயத்துக்குக் கச்சிதமாகப் பொருந்துகிறது. சட்டையை ரெடிமேடாக வாங்கலாம், துணி எடுத்துத் தைக்கவும் கொடுக்கலாம். பேக்கேஜ் மேனேஜர் வழியாக நிறுவுவது ரெடிமேட். யாரோ, எங்கேயோ, ஒரு பொது அளவுக்குத் தைத்து மடித்து வைத்திருக்கிறார்கள். அதற்கு வேண்டிய மற்றதையும் அவர்களே கூடவே அனுப்பிவிடுகிறார்கள். மூல நிரல் என்பது துணி. ஆள் படித்துப் புரிந்துகொள்ளும்படி எழுதிய நிரல் வரிகள் அவை. கணினி அப்படியே அவற்றை ஓட்டாது. அந்த வரிகளைக் கணினி ஓட்டக்கூடிய வடிவத்துக்கு மாற்றும் நிரல்தான் கம்பைலர். அதாவது, தையல் இயந்திரம்.

தைப்பதில் மூன்று படிகள்: அளவெடுப்பது, வெட்டித் தைப்பது, அலமாரியில் மாட்டுவது. மூல நிரலிலிருந்து நிறுவும்போது நாம் தட்டும் ‘கான்ஃபிகர்’, ‘மேக்’, ‘மேக் இன்ஸ்டால்’ ஆகிய மூன்று கட்டளைகளும் அதே வரிசையில் அதே மூன்றைத்தான் செய்கின்றன. இந்த மூன்றையும் மந்திரம் போல மனப்பாடம் செய்து ஒரே மூச்சில் தட்டும் பழக்கம் பரவியிருக்கிறது. அது எனக்கு உடன்பாடில்லை. எந்தப் படியில் நின்றது என்பதே பாதி விடை. மூன்றையும் ஒரே வரியில் கோத்துத் தட்டினால் அந்தத் தடயத்தை நாமே அழிக்கிறோம்.

மூல நிரலிலிருந்து உருவாக்கினால் வேகமாக ஓடும் என்ற நம்பிக்கையையும் இங்கேயே ஓரமாக வைத்துவிடலாம். கையேட்டுப் பக்கம் காட்டும் ஒரு நிரலில் அந்த வித்தியாசத்தை நீங்கள் உணரப்போவதில்லை. ரெடிமேடில் இல்லாத புதிய பதிப்பு வேண்டும், ஒரு வசதியை மாற்ற வேண்டும், நிரலைத் திருத்திப் பார்க்க வேண்டும், உங்கள் தளத்துக்கு யாரும் பேக்கேஜ் செய்து தரவில்லை: மூலத்துக்குப் போக இப்படி ஒரு காரணம் இருந்தால் சரி. இல்லையென்றால் ரெடிமேடே போதும், அதில் கௌரவக் குறைச்சல் ஒன்றும் இல்லை.

## அளவு எடுப்பது கணினியை

முதல் படியான ‘கான்ஃபிகர்’ ஒரு ஷெல் ஸ்கிரிப்ட், அதாவது டெர்மினல் கட்டளைகளை வரிசையாக எழுதிவைத்த கோப்பு. பல மென்பொருள்களில் இதை ஆட்டோகான்ஃப் என்ற கருவி பல்லாயிரம் வரிகளில் எழுதித் தள்ளும். திறந்து பார்த்தால் தலை சுற்றும். மேன்டாக்கில் அது கையால் எழுதியது, சிறியது. பொறுமை இருந்தால் முழுக்கப் படித்துவிடலாம். அதனால்தான் கற்றுக்கொள்ள இதை எடுத்துக்கொண்டேன்.

அது அளவெடுக்கும் விதம் அழகானது. ‘உன் இயங்குதளம் எது, பதிப்பு எது’ என்று கேட்டுவிட்டு அனுமானிப்பதில்லை. ஒவ்வொரு வசதிக்கும் ஒரு குட்டி நிரலை எழுதி வைத்திருக்கிறார்கள். அதைக் கம்பைல் செய்து, ஓட்டிப் பார்த்து, ஓடினால் உண்டு, ஓடாவிட்டால் இல்லை. ஸ்ட்ரல்காப்பி என்ற ஃபங்ஷனை, அதாவது ஒரு குறிப்பிட்ட வேலையைச் செய்யும் நிரல் துண்டை, எடுத்துக்கொள்ளுங்கள். ஓர் உரைத்துண்டை இன்னோர் இடத்துக்கு, அங்கிருக்கும் இடத்தைத் தாண்டி வழிந்துவிடாமல், நகலெடுப்பது அதன் வேலை. 1998-ல் ஓப்பன்பிஎஸ்டியில் வந்தது. பெரும்பாலான லினக்ஸ் கணினிகளின் அடித்தளமான ஜிலிப்சி லைப்ரரிக்குள் அது வந்து சேர்ந்தது 2023-ல், 2.38 பதிப்பில்தான். கால் நூற்றாண்டு இடைவெளி! இதற்கு நடுவில் லினக்ஸில் மேன்டாக் எப்படி ஓடியது?

சட்டையின் உள்மடிப்பில் ஒரு உபரிப் பொத்தானைத் தைத்து வைத்திருப்பார்களே, அப்படி. ‘காம்பேட்’ என்று தொடங்கும் பெயர்களில் ஒரு கட்டுக் கோப்புகளை மேன்டாக் தன்னோடே கொண்டுவருகிறது. ஸ்ட்ரல்காப்பி உண்டு என்று அளவு சொன்னால் உங்கள் கணினியினுடையதையே எடுத்துக்கொள்ளும். இல்லை என்றால் தன் கையிருப்பைச் சேர்த்துத் தைத்துவிடும். ஆகவே, ‘கான்ஃபிகர்’ ஓடும்போது திரையில் வரிசையாக ‘இல்லை, இல்லை’ என்று வந்தால் பதற வேண்டாம். அது பிழை அல்ல, அளவுக் குறிப்பு. பயந்துபோய் அந்த ஒவ்வொரு பெயரையும் தேடி நிறுவக் கிளம்பியவர்களைப் பார்த்திருக்கிறேன்.

எடுத்த அளவுகளெல்லாம் கடைசியில் இரண்டு கோப்புகளில் போய் உட்காரும்: ‘கான்ஃபிக் டாட் எச்’ நிரலுக்கு, ‘மேக்ஃபைல் டாட் லோக்கல்’ அடுத்த படிக்கு. எடுத்த விதம் முழுக்க ‘கான்ஃபிக் டாட் லாக்’ என்ற பதிவுக் கோப்பில் இருக்கும். ஏதாவது கோளாறு என்றால் திரையில் வந்த கடைசி வரியை விட்டுவிட்டு, முதலில் இந்தப் பதிவுக் கோப்பைத் திறந்து பாருங்கள்.

இதுவரை சொன்னதைச் சுருக்கினால்: போர்ட்டபிள் மென்பொருள் மூலமாக வருகிறது, உங்கள் கணினியில் எது உண்டு, எது இல்லை என்று முதல் படியில் சோதித்துக்கொள்கிறது, சின்னச் சின்ன இல்லைகளைத் தானே சமாளித்துக்கொள்கிறது. சமாளிக்க முடியாத பெரிய இல்லைகளைத்தான் நாம் வெளியிலிருந்து கொண்டுவந்து தர வேண்டும்.

## பொத்தானும் பொத்தான் துளையும்

மேன்டாக் வெளியிலிருந்து கேட்பது மிகக் குறைவு. ஒரு சி கம்பைலர், ‘மேக்’ கருவி, ஷெல், அப்புறம் இசட்லிப். கையேட்டுப் பக்கங்களைப் பல தளங்களில் சுருக்கி வைத்திருப்பார்கள். அந்தச் சுருக்கத்தை விரித்துப் படிக்க இசட்லிப் வேண்டும்.

இசட்லிப் ஒரு லைப்ரரி. பல நிரல்களுக்கும் பொதுவாகத் தேவைப்படும் வேலையை ஒரே இடத்தில் எழுதி வைத்து, வேண்டியவர் எடுத்துப் பயன்படுத்தும்படி தொகுத்ததற்கு லைப்ரரி என்று பெயர். சட்டைக் கணக்கில் இதைக் கஃப்லிங்க் என்று வைத்துக்கொள்வோம். நீளக்கைச் சட்டையின் மணிக்கட்டில் மாட்டும் அந்த அலங்காரப் பொத்தான் சட்டையோடு தைத்தது அல்ல. தனியாக ஒரு டப்பாவில் இருக்கும். ஒரே ஜோடியைப் பத்துச் சட்டைக்கும் மாட்டிக்கொள்ளலாம்.

இப்போது தையல்காரரின் நிலையிலிருந்து பாருங்கள். சட்டை தைக்கும்போது அவருக்குக் கஃப்லிங்க் தேவையா? அவசியமில்லை. ஆனால் துளை போட வேண்டும். துளையின் அளவு, இரண்டு துளைகளுக்கு நடுவில் எவ்வளவு இடைவெளி, எந்தப் பக்கம் என்பது தெரிய வேண்டும். அதாவது, கஃப்லிங்க் பற்றிய அளவுச்சீட்டு வேண்டும். டப்பாவில் தங்கக் கஃப்லிங்கே இருந்தாலும், அளவுச்சீட்டு இல்லாவிட்டால் துளை போட முடியாது.

மென்பொருளில் அந்த அளவுச்சீட்டின் பெயர் ஹெடர் கோப்பு. லைப்ரரியில் என்னென்ன ஃபங்ஷன்கள் இருக்கின்றன, ஒவ்வொன்றுக்கும் என்ன கொடுக்க வேண்டும், அது என்ன திருப்பித் தரும் என்ற விவரம் மட்டும் அதில் இருக்கும். பெயர் ‘டாட் எச்’ என்று முடியும். முதல் பத்தியில் கம்பைலர் ‘இல்லை’ என்று சொன்னது இந்த ஹெடரைத்தான். பேக்கேஜ் மேனேஜர் ‘இருக்கிறது’ என்று சொன்னது டப்பாவிலுள்ள கஃப்லிங்கை. இரண்டும் உண்மைதான் பேசின என்று இதனால்தான் சொன்னேன்.

ஏன் இப்படிப் பிரித்து வைக்கிறார்கள்? ரெடிமேட் சட்டை போடுகிறவருக்கு அளவுச்சீட்டு எதற்கு? நிரல்களைப் பயன்படுத்த மட்டும் செய்யும் கணினிகளில் ஹெடர் கோப்புகள் வெறுமனே இடத்தை அடைக்கும். ஆகவே டெபியன், உபுண்டு, ஆல்பைன் போன்றவை அவற்றைத் தனிப் பேக்கேஜாக, பெயரின் முடிவில் ‘டெவ்’ சேர்த்துத் தருகின்றன. ஃபெடோரா குடும்பத்தில் அது ‘டெவெல்’. ஆர்ச் லினக்ஸில் இந்தப் பிரிவினை கிடையாது, லைப்ரரியோடே ஹெடரும் வந்துவிடும். ‘எனக்கு அப்படியே ஓடிற்றே’ என்று ஆர்ச் நண்பர் சொல்வதும், உங்களுக்கு ஓடாததும் ஏன் என்று இப்போது புரியும்.

நான் அன்று கண்ணை மூடிக்கொண்டு ஒட்டிய அந்த ஒற்றை வரியில் இருந்தது இந்த ‘டெவ்’தான்.

## போடும்போது தேவைப்படுவது

தைத்தாயிற்று. சட்டையை எடுத்துப் போட்டுக்கொண்டு கிளம்பும்போதுதான் கஃப்லிங்க் உண்மையிலேயே தேவைப்படுகிறது. இப்படி, நிரல் ஓடத் தொடங்கும் நேரத்தில் தேடிப் பிடித்து மாட்டிக்கொள்ளும் லைப்ரரியைப் பகிர்வு லைப்ரரி என்கிறோம். லினக்ஸில் அந்தக் கோப்பின் பெயரில் ‘டாட் எஸ்ஓ’ என்று வரும், அதன் பின்னால் ஓர் எண்ணும் இருக்கும். அந்த எண்தான் முக்கியம். லைப்ரரியின் வடிவமே மாறினால் எண் மாறும். பழைய துளைக்குப் புது கஃப்லிங்க் நுழையாது என்பதற்கான அறிவிப்பு அது.

நன்றாக ஓடிக்கொண்டிருந்த ஒரு நிரல், இயங்குதளத்தைப் பெரிய பதிப்புக்கு உயர்த்திய மறுநாள் ‘பகிர்வு லைப்ரரியைத் திறக்க முடியவில்லை’ என்று நின்றுபோவது பெரும்பாலும் இதனால்தான். இதற்கு ஹெடரைத் தேடி ஓடிப் பயனில்லை. புதிய அளவுக்கு மறுபடி கம்பைல் செய்ய வேண்டும், அவ்வளவே. ரெடிமேட் நிரல்களுக்கு அதைப் பேக்கேஜ் மேனேஜர் பார்த்துக்கொள்கிறது. நீங்கள் தைத்ததற்கு நீங்கள்தான் பொறுப்பு. அது இருப்பதே பேக்கேஜ் மேனேஜருக்குத் தெரியாது. ஒரு நிரல் எந்தெந்தப் பகிர்வு லைப்ரரிகளைத் தேடுகிறது என்று பார்க்க ‘எல்டிடி’ கட்டளை இருக்கிறது. கிடைக்காததற்கு நேராகக் கிடைக்கவில்லை என்றே போடும்.

கஃப்லிங்க் தொல்லையே வேண்டாம், பொத்தானைச் சட்டையோடு தைத்துவிடுங்கள் என்றும் கேட்கலாம். லைப்ரரியை நிரலுக்குள்ளேயே சேர்த்துவிடும் இந்த வழிக்கு ஸ்டாட்டிக் லிங்கிங் என்று பெயர். நிம்மதிதான். ஆனால் அந்தப் பொத்தானில் ஒரு குறை கண்டுபிடிக்கப்பட்டால்? 2022 மார்ச்சில் இசட்லிப்பில் நினைவகத்தைக் கெடுக்கக்கூடிய ஒரு பாதுகாப்புக் குறையைச் சரிசெய்து 1.2.12 பதிப்பு வந்தது. பகிர்வு லைப்ரரியாகப் பயன்படுத்தியவர்கள் அந்த ஒன்றைப் புதுப்பித்தார்கள்; அதை நம்பியிருந்த எல்லா நிரல்களும் கூடவே சரியாயின. தங்களுக்குள் ஒரு பிரதி தைத்து வைத்திருந்த நிரல்களை ஒவ்வொன்றாகத் தேடிப் பிரித்துத் தைக்க வேண்டியிருந்தது.

ஓடும்போது தேவைப்படுவது லைப்ரரியாகத்தான் இருக்க வேண்டும் என்றில்லை. மேன்டாக்கின் ‘மேன்’ கட்டளை, பக்கத்தை அடுக்கி முடித்ததும் ‘லெஸ்’ என்ற வேறொரு நிரலிடம் கொடுத்துவிடுகிறது. மேலும் கீழும் நகர்த்திப் படிக்கும் வசதி எல்லாம் லெஸ்ஸினுடையது. லெஸ் இல்லாத கணினியிலும் மேன்டாக்கைப் பிழையே இல்லாமல் உருவாக்கி நிறுவிவிடலாம். படிக்க உட்காரும்போதுதான் விஷயம் வெளியே வரும்.

ஆக மூன்று நேரங்கள். கம்பைலரும் ‘மேக்’கும் ஹெடரும் தைக்கும்போது தேவை, தைத்தபின் அவற்றை நீக்கினால்கூட நிரல் ஓடும். பகிர்வு லைப்ரரியும் லெஸ் போன்ற துணை நிரல்களும் போடும்போது தேவை. மூன்றாவது வகை, இருந்தால் இன்னும் நல்லது என்கிற ரகம்.

## இருந்தால் நல்லது

மூன்றாவது வகையில் ஆவண மென்பொருள்களுக்கு ஈடே இல்லை. டாக்ஸிஜன் நிரல்களைப் படித்து ஆவணம் உருவாக்கும். கிராஃப்விஸ் இருந்தால் படங்களும் வரைந்து தரும், இல்லாவிட்டால் படமில்லாமல் ஆவணம் வரும். ஆவணங்களை ஒரு வடிவத்திலிருந்து இன்னொன்றுக்கு மாற்றும் பேன்டாக், எச்டிஎம்எல் கேட்டால் உடனே தரும். பிடிஎஃப் கேட்டால் வழக்கமாக லேடெக் என்ற அச்சுக்கோப்பு மென்பொருள் வேண்டும் என்று நிற்கும். லேடெக் உள்ள டெக்ஸ் லைவ் தொகுப்பை முழுக்க நிறுவினால் பல ஜிகாபைட் போய்விடும். ஒரு சின்ன ஆவணக் கருவியை நிறுவப்போய் வட்டு நிறைந்துவிட்டது என்ற புலம்பலின் பின்னால் பெரும்பாலும் ஒரு பிடிஎஃப் ஆசை இருக்கும். மேன்டாக் பிடிஎஃபையும் தானே எழுதிவிடுகிறது, டெக்ஸ் எதுவும் வேண்டாம். அதற்கு மேல் அலங்காரம் எதிர்பார்க்கக் கூடாது, அது வேறு விஷயம்.

சார்பைக் குறைப்பதற்கென்றே மெனக்கெடுகிறவர்களும் உண்டு. கையேடுகளில் சொல் தேடுவதற்கான தரவுத்தளத்துக்கு மேன்டாக் முன்பு எஸ்கியூலைட் என்ற தரவுத்தள லைப்ரரியை நம்பியிருந்தது. 2017-ல் வந்த 1.14.1 பதிப்பில் அதற்கென்றே ஒரு சிறிய கோப்பு வடிவத்தை எழுதிக்கொண்டு எஸ்கியூலைட்டைக் கழற்றிவிட்டார்கள். எல்லாரும் இப்படிச் செய்யக் கிளம்பினால் உலகம் தாங்காது. ஆனால் பிறந்த தளத்தை விட்டு ஊர் ஊராகப் போகிற ஒரு மென்பொருளுக்கு, சுமக்கும் மூட்டை குறைவது நல்லதுதான்.

## ஒரு எழுத்தைத் திருத்தினால் முளைக்கும் சார்பு

ஆவணங்களுக்கே உரிய ஒரு முடிச்சு இருக்கிறது. மென்பொருளோடு அதன் கையேடும் வரும். அந்தக் கையேட்டை உருவாக்க ஓர் ஆவணக் கருவி வேண்டும். அந்தக் கருவிக்கும் ஒரு கையேடு உண்டு. நிரலில் செய்யும் மாற்றங்களைப் பதிவுசெய்து வைக்கும் கிட் மென்பொருளை மூலத்திலிருந்து உருவாக்குவது எளிது. அதன் கையேட்டுப் பக்கங்களை உருவாக்கப் போனால் ஆஸ்கிடாக், எக்ஸ்எம்எல்டூ என்று தனியாக ஒரு படை வேண்டும். அதனால்தான் ஏற்கெனவே உருவாக்கி வைத்த கையேட்டுப் பக்கங்களைத் தனிக் கோப்பாகவும் வெளியிடுகிறார்கள். குரோஃப் இன்னும் வேடிக்கை: அப்போதுதான் பிறந்த குரோஃபை வைத்தே தன் ஆவணங்களை உருவாக்கிக்கொள்கிறது.

பல திட்டங்கள் இந்த முடிச்சை அவிழ்க்கும் வழி, வெளியீட்டுக் கோப்பில் பாதி வேலையை முடித்துத் தருவது. வெளியீட்டுக் கோப்பு என்பது ஒரு பதிப்பின் மூலத்தைச் சுருக்கிக் கட்டிய ‘டார்’ மூட்டை. அதில் ‘கான்ஃபிகர்’ ஸ்கிரிப்டும், படிக்கத் தயாரான கையேடும் முன்கூட்டியே உருவாக்கி வைக்கப்பட்டிருக்கும். அதே திட்டத்தின் களஞ்சியத்திலிருந்து, அதாவது கிட்டில் நேரடியாக எடுத்தால், இவை பெரும்பாலும் இருக்காது. அவற்றை உருவாக்கும் கருவிகளையும் நீங்களே நிறுவ வேண்டும். தொடங்குகிறவர்கள் களஞ்சியத்திலிருந்து எடுத்துவிட்டு, ‘கான்ஃபிகர் என்ற கோப்பே இல்லையே’ என்று விழிப்பது இதனால்தான். டார் மூட்டையை எடுங்கள், பாதிச் சார்புகள் காணாமல் போகும்.

இப்போது கொஞ்சம் பக்கத்தில் போய்ப் பார்க்கலாம். டெக்ஸின்ஃபோ வடிவத்தில் (அதைப் படிக்கும் கையேடாக மாற்றும் கருவி மேக்இன்ஃபோ) கையேடு எழுதியிருக்கும் ஒரு திட்டத்தின் டார் மூட்டையை விரித்திருக்கிறீர்கள். உருவாக்கிப் பார்த்தால் பிழையின்றி முடிகிறது. கையேட்டின் மூலத்தில் ஓர் எழுத்துப்பிழை கண்ணில் படுகிறது. திருத்திச் சேமிக்கிறீர்கள். மறுபடி ‘மேக்’ தட்டினால், ‘மேக்இன்ஃபோ உங்கள் கணினியில் இல்லை’ என்று நிற்கிறது. பத்து நிமிடம் முன்பு இல்லாத சார்பு எங்கிருந்து வந்தது?

1976-ல் ஸ்டூவர்ட் ஃபெல்ட்மன் பெல் ஆய்வகத்தில் எழுதிய ‘மேக்’, இன்றும் ஒரே எளிய கேள்வியைக் கேட்டுத்தான் முடிவெடுக்கிறது: மூலக் கோப்பு புதியதா, அதிலிருந்து உருவான கோப்பு புதியதா? உருவான கோப்பே புதியது என்றால் செய்ய ஒன்றுமில்லை. மூலம் புதிது என்றால் மறுபடி உருவாக்கு. நீங்கள் திருத்தும்வரை மூட்டையில் வந்த கையேடு மூலத்தைவிடப் புதியதாக இருந்தது; மேக்இன்ஃபோவைக் கூப்பிட வேண்டிய தேவையே எழவில்லை. திருத்தியதும் வரிசை தலைகீழானது.

ஒரு எழுத்தைக்கூடத் தொடாமலே இந்த நிலைக்கு ஆளாகலாம். விரித்த மூட்டையை வேறு இடத்துக்குச் சாதாரணமாக நகலெடுத்தால், கோப்புகளின் பழைய நேரம் போய் நகலெடுத்த நேரம் ஒட்டிக்கொள்ளும். எது முதலில் நகலானதோ அது பழையது ஆகிவிடும். அப்புறம் பார்த்தால் ‘ஆக்லோக்கல்’, ‘ஆட்டோமேக்’ என்று கேள்விப்படாத பெயர்களெல்லாம் இல்லை என்று வரிசையில் வந்து நிற்கும். அவற்றை ஒவ்வொன்றாக நிறுவுவது ஒரு வழி. மூட்டையைப் புதிதாக ஒருமுறை விரிப்பது அதைவிடச் சுலபமான வழி.

## மூலம் என்றால் பாதுகாப்பா?

டார் மூட்டையைப் பரிந்துரைத்த வாயால் இதையும் சொல்லிவிட வேண்டும். 2024 மார்ச் 29 அன்று, எக்ஸ்இசட் என்ற சுருக்கக் கருவியின் 5.6.0, 5.6.1 பதிப்புகளில் திருட்டுக் கதவு ஒன்று வைக்கப்பட்டிருப்பதை ஆண்ட்ரெஸ் ஃப்ராயிண்ட் என்ற மென்பொருள் பொறியாளர் வெளிப்படுத்தினார். எஸ்எஸ்எச் வழியாக உள்நுழைய அரை நொடி அதிகமாகப் பிடிக்கிறதே என்று கிளறப்போய்க் கண்டுபிடித்தது அது. அந்தக் கதவைத் திறந்துவிடும் உருவாக்க ஸ்கிரிப்ட் வரிகள் களஞ்சியத்தில் இல்லை, வெளியீட்டு மூட்டையில் மட்டும் இருந்தன. ‘கான்ஃபிகர்’, ‘மேக்’ படிகளை யாரும் உட்கார்ந்து படிப்பதில்லை என்பதை நன்றாகத் தெரிந்து வைத்திருந்த ஆளின் வேலை.

மூலத்திலிருந்து நிறுவினால் தானாகவே பாதுகாப்பு என்பது அதனால் சரியல்ல. மூட்டையோடு வெளியிடும் சரிபார்ப்பு எண்ணை ஒப்பிட்டால், அனுப்பியது அப்படியே வந்து சேர்ந்ததா என்று தெரியும். அனுப்பியவர் நல்லவரா என்று அந்த எண் சொல்லாது.

## அலமாரியில் மாட்டுவது

கடைசிப் படியில்தான் அவசரம் அதிகம், கவனம் குறைவு. ‘மேக் இன்ஸ்டால்’ கோப்புகளை இன்னின்ன இடம் என்று கொண்டுபோய் வைக்கிறது, அதற்கு மேல் மாயம் எதுவும் இல்லை. வைக்கும் இடத்தின் அடிப்படைக் கோப்புறைக்கு ‘பிரிஃபிக்ஸ்’ என்று பெயர். வழக்கமாக அது ‘யூஎஸ்ஆர்’ கோப்புறைக்குள் இருக்கும் ‘லோக்கல்’. பேக்கேஜ் மேனேஜர் தன் பொருள்களை வைக்கும் இடத்தோடு கலக்காமல் இருக்கவே இந்த ஏற்பாடு. உங்கள் வீட்டுக் கோப்புறைக்குள் ஓர் இடத்தைக் கொடுத்தால் ரூட் அனுமதிகூட, அதாவது நிர்வாகி அனுமதிகூட, வேண்டாம்; கற்றுக்கொள்ளும் காலத்தில் அதுவே உத்தமம்.

மேன்டாக்கின் நிறுவல் குறிப்பில் எனக்குப் பிடித்த ஒரு படி உண்டு. உண்மையாக நிறுவுவதற்கு முன், ‘மேக்’ கட்டளைக்கு ‘ஹைஃபன் என்’ சேர்த்து ‘இன்ஸ்டால்’ என்று தட்டச் சொல்கிறார்கள். எதையும் செய்யாமல், செய்யப்போவதை மட்டும் வரிவரியாகக் காட்டும். அதைப் படித்துப் பார்த்தால், ‘மேன்’ என்ற பெயரிலேயே ஒரு நிரலை வைக்கப்போகிறது என்று தெரியும். உங்கள் கணினியில் ஏற்கெனவே ஒரு ‘மேன்’ இருக்குமே? இரண்டில் எது ஓடும் என்பது, கட்டளைகளைத் தேடும் கோப்புறைகளின் வரிசையைப் பொறுத்தது. இந்தக் குழப்பம் வேண்டாம் என்றால் ‘கான்ஃபிகர் டாட் லோக்கல்’ என்று ஒரு சிறு கோப்பு எழுதி, அதில் பெயரை ‘எம்மேன்’ என்று மாற்றச் சொல்லலாம். மாதிரிக் கோப்பிலேயே அந்த வரி இருக்கிறது. பிரிஃபிக்ஸையும் இதே கோப்பில்தான் குறிக்க வேண்டும். எழுதியபின் ‘கான்ஃபிகர்’ படியை மறுபடி ஓட்ட மறக்காதீர்கள். அளவு மாறினால் மறுபடி எடுத்துத்தானே தைக்க வேண்டும்.

நிறுவி முடித்ததும் ஒரு கையேட்டைத் திறந்தால் திறக்கும். ஆனால் சொல் கொடுத்துத் தேடினால் ஒன்றும் கிடைக்காது. இதுவும் பிழையல்ல. தேடுவதற்கான தரவுத்தளத்தை யாரும் இன்னும் உருவாக்கவில்லை. ‘மேக்வாட்இஸ்’ என்ற கட்டளையை ஒருமுறை ஓட்டினால் கையேடுகளையெல்லாம் படித்து அதை எழுதிவிடும். புதிதாகக் கையேடுகள் சேரும்போதும் ஓட்ட வேண்டும். ரெடிமேடாக நிறுவும்போது இந்த வேலை பின்னணியில் சத்தமில்லாமல் நடந்துவிடுவதால், இப்படி ஒன்று இருப்பதே பலருக்குத் தெரிவதில்லை.

நீக்குவது பற்றி ஒரு வார்த்தை. எல்லாத் திட்டங்களும் ‘மேக் அன்இன்ஸ்டால்’ தருவதில்லை. அதனால் நான் ஒவ்வொரு மென்பொருளுக்கும் தனித்தனிக் கோப்புறையைப் பிரிஃபிக்ஸாகக் கொடுத்துவிட்டு, ஸ்டோ என்ற கருவியை வைத்து அங்கிருந்து பொது இடத்துக்கு இணைப்பு மட்டும் போட்டுக்கொள்கிறேன். வேண்டாம் என்று தோன்றினால் இணைப்பை எடுத்துவிட்டுக் கோப்புறையை அழித்தால் போதும். அந்தக் கோப்புறையிலேயே ‘கான்ஃபிகர் டாட் லோக்கல்’ கோப்பின் ஒரு பிரதியும், அன்று நிறுவிய ‘டெவ்’ பேக்கேஜ்களின் பெயர்களும் இருக்கும். அடுத்த பதிப்பு வரும்போது முதலில் திறப்பது அந்தக் குறிப்புகளைத்தான்.